பன்னிரண்டாம் பக்கத்துப் படம்

கடிதம் எண்: 4 / 1986
நாள்: 1986 ஜூன் 3, செவ்வாய்க்கிழமை
நேரம்: முற்பகல் 9.15

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல் அதில் தேதி இல்லை. உறையின் மேலிருந்த தபால் முத்திரையும் மழையில் கரைந்துவிட்டது. ஆகவே அது என் கைக்கு வந்த மே 29ஐயே அதன் தேதியாக மூலையில் குறித்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். முறிந்த வலது மணிக்கட்டு கூடியும் விரல்கள் மடங்கவில்லை, உளி நழுவுகிறது என்று எழுதியிருந்தாய். வருந்துகிறேன். மூன்று வாரம் மருத்துவமனையில் காய்ச்சலோடு கிடந்தவள் இரண்டு நாள் ரயில் பயணத்தை நினைத்தும் பார்க்கக் கூடாது. வர இயலவில்லையே என்று நீ தவிக்க வேண்டாம். இங்கே நான் இருக்கிறேன்.

தாவரவியல் பூங்காவின் நிலவரம் பின்வருமாறு. பிப்ரவரி 9ஆம் தேதிப் புயலில் மரக்கிளை விழுந்து நொறுங்கியது உன் சிலையின் தலையும் கழுத்தும் மட்டுமே. முழங்கால்களின் மேல் இரு கைகளையும் சமமாக வைத்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பதினான்கு அடி உடலில் ஒரு கீறலும் இல்லை. தலையையும் கழுத்தையும் நீ தனிக்கல்லில் செய்து பொருத்தியிருந்ததால், புதிதாக ஒன்று செதுக்கிப் பொருத்துவதற்குக் கல்தச்சர் ஒருவரை அமர்த்தியுள்ளார்கள். திறப்பு விழா ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை.

தச்சருக்கு உன் களிமண் மாதிரி பயன்படவில்லை. அதில் தலை நேராக இருக்கிறது. கல்லில்தான் நீ கழுத்தைத் திருப்பினாய். சிலையை நிறுத்திய இரண்டாம் நாளே, விழாவுக்கு முன் எவரும் பார்க்கலாகாது என்று சாக்கு கட்டி மூடிவிட்டார்கள். எனவே உலகத்தில் இருக்கும் ஒரே சான்று, 1985 அக்டோபர் 19, சனிக்கிழமை காலை 7.40க்கு நான் எடுத்து, பூங்காவின் நூற்றாண்டு மலரின் பன்னிரண்டாம் பக்கத்தில் அச்சான படம். கண்காணிப்பாளர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தச்சரின் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். சிலைக்குப் பின்னால் வெள்ளைத் துணி கட்டி எடுத்த படம் அது. மரமோ செடியோ குறுக்கே வந்து கண்ணைக் கெடுக்காது. முப்பத்து நான்கு ஆண்டுகள் இதே பூங்காவுக்காக உலர்ந்த இலைகளைப் படம்பிடித்ததில் கற்ற ஒழுங்கு அது.

"எங்க அண்ணா சருகுக்கு போட்டோ பிடிக்கிறவர்" என்று நீ ஒருமுறை சுற்றத்தார் நடுவே சொல்லிச் சிரிக்க வைத்தாய். அந்தச் சருகுக்காரனின் படம்தான் இன்று உன் சிலைக்குத் தலை கொடுக்கிறது. குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. பதிவுக்காக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்

*

(தேதி இல்லை. மூலையில் அண்ணனின் பென்சில் எழுத்து: பெற்றது 12.6.1986, வியாழன், முற்பகல் 11.20.)

அண்ணா,

இடது கையால எழுதறேன். எழுத்து கோணல்மாணலா இருக்கும், பொறுத்துக்குங்க. தேதி போடலைன்னு திட்டறதுக்கு முன்னாடி இதை முழுசாப் படிச்சுடுங்க.

கண்காணிப்பாளர் தச்சரோட வரைபடத்தை எனக்கு அனுப்பியிருந்தார். நல்ல கைக்காரர்தான். ஆனா தலை தப்பான பக்கம் திரும்பியிருக்கு. சிலையோட முகம் அவளோட வலது பக்கமாத் திரும்பணும். அப்பத்தான் எதிர்ல வந்து நிக்கிறவங்களுக்கு அவ இடது காதைக் குடுப்பா. வரைபடத்துல எல்லாம் நேர்மாறா, இடது பக்கம் திரும்பி வலது காதைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கா.

அது அம்மா, அண்ணா. நான் யார்கிட்டயும் சொல்லலை. "கேட்கிறவள்"னு பேர் மட்டும் வெச்சேன். அம்மாவுக்கு வலது காது சுத்தமா கேட்காது. யாராவது எதிர்ல பேசினா முகத்தை வலது பக்கம் திருப்பி இடது காதைக் குடுப்பாங்க. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. "அவனுக்குத் தெரிஞ்சா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போய், தேதி போட்டு, என் காதுக்கு ஒரு ஃபைல் திறந்துடுவான்"னு சொல்லிச் சிரிச்சாங்க.

நான் ஒரு படமும் எடுத்து வெச்சுக்கலை. நீங்க எடுக்கறீங்களேன்னு இருந்துட்டேன். உங்க படத்துல எப்படி இப்படி வந்துதுன்னு எனக்குப் புரியலை. ஒருவேளை அச்சுல ஏதாவது ஆகியிருக்கும். ஒரு தடவை பாருங்க, போய்ச் சொல்லுங்க. இன்னும் கல்லுல கழுத்து வரைக்கும் வரலைன்னு எழுதியிருக்கார், நேரம் இருக்கு.

இந்தக் கையால இனிமே நான் கல்லைத் தொடப் போறதில்லை. இதுதான் என் கடைசிச் சிலை. அது தப்பா நிக்கக் கூடாது.

*

கடிதம் எண்: 5 / 1986
நாள்: 1986 ஜூன் 13, வெள்ளிக்கிழமை
நேரம்: பிற்பகல் 4.05

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதில்களை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது: படம். பன்னிரண்டாம் பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து மீண்டும் பார்த்தேன். சிலையின் முகம் அதன் இடப்பக்கமே திரும்பியிருக்கிறது. ஐயத்துக்கு இடமில்லை. மனிதருக்குக் காய்ச்சல் வரும், மயக்க மருந்து கொடுப்பார்கள், நினைவு தடுமாறும். இவற்றில் எதுவும் கேமராவுக்கு நேர்வதில்லை.

இரண்டாவது: அம்மாவின் காது. அம்மா 1970 முதல் 1979 வரை ஒன்பது ஆண்டுகள் என் வீட்டில் இருந்தார். ஒவ்வொரு வேளையும் அவருக்கு எதிரில் அமர்ந்து சாப்பிட்டவன் நான். அவருக்கு ஒரு காது கேட்காது என்பதை 1986 ஜூன் 12 அன்று, உன் கடிதத்தின் வாயிலாகவே முதன்முதலாக அறிகிறேன். என் நாட்குறிப்புகளில் அப்படி ஒரு செய்தி இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் நான்கு நாள், வந்துபோன உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமற் போயிற்று என்பதை எப்படி ஏற்பது?

மூன்றாவது: அச்சில் ஏதாவது ஆகியிருக்கும் என்கிறாய். அந்தப் படத்தை என் இருட்டறையில் அச்சிட்டவன் நான். வேறெவர் கையும் அதில் படவில்லை.

நீ ஓய்வெடுத்துக்கொள். சிலையை இங்கிருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
அண்ணன்

*

(தேதி இல்லை. மூலையில்: பெற்றது 30.6.1986, திங்கள், நண்பகல் 12.10.)

அண்ணா,

கண்காணிப்பாளருக்கு ரெண்டு கடிதம் போட்டேன், பதிலே இல்லை. மூணாவதுக்குத்தான் பதில் வந்தது, அதுவும் ரெண்டே வரி. "தங்கள் உடல்நிலை குறித்து நம்பத்தகுந்த இடத்திலிருந்து அறிந்தோம். இனி இப்பணி தொடர்பாகத் தங்களைச் சிரமப்படுத்த மாட்டோம்." அவ்வளவுதான். என்னை மரியாதையா வாசலுக்கு வெளியில வெச்சுக் கதவைச் சாத்திட்டாங்க.

யார் அண்ணா அந்த நம்பத்தகுந்த இடம்? எனக்கு உடைஞ்சது கை. காய்ச்சல் வந்தது டிசம்பர்ல. என் புத்திக்கு என்ன ஆச்சுன்னு யார் போய்ச் சொன்னாங்க? உங்களுக்கு அங்க எல்லாரையும் தெரியும். கேட்டுச் சொல்லுங்க.

இன்னொண்ணு. உங்க நாட்குறிப்புல காது இல்லைன்னு எழுதியிருந்தீங்க. பால்காரர் ஆறு அஞ்சுக்கு வந்தாரா ஆறு எட்டுக்கு வந்தாரான்னு எழுதி வைக்கிறவர் நீங்க. சரி, காதைத் தேடாதீங்க. அந்தச் சாப்பாட்டு மேசையை நினைச்சுப் பாருங்க. அம்மா உட்கார்ந்த நாற்காலிக்கு ஜன்னல் எந்தப் பக்கம்? நீங்க பேச ஆரம்பிச்சா அம்மா என்ன பண்ணுவாங்க? அது எதுக்குன்னு நினைச்சீங்க?

நெகட்டிவ் உங்ககிட்டதானே இருக்கு? அதைப் பார்த்தீங்களா?

*

கடிதம் எண்: 6 / 1986
நாள்: 1986 ஜூலை 2, புதன்கிழமை
நேரம்: முற்பகல் 10.30

அன்புள்ள தங்கைக்கு,

கண்காணிப்பாளரிடம் யார் என்ன சொன்னார்கள் என்பதை விசாரிக்கிறேன்.

நெகட்டிவ் பெட்டி பரண்மேல் இருக்கிறது. முழங்கால் வலியால் தற்சமயம் ஏணி ஏற இயலவில்லை.

புதிய தலை ஜூலை 17 அன்று பொருத்தப்படும். ஜூலை 19, சனிக்கிழமை, காலை 7.40க்கு, முன்பு நின்ற அதே இடத்தில் கேமரா முக்காலியை வைத்து அதைப் படம் எடுக்கும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டேன்.

வேறு செய்தி இல்லை.

இப்படிக்கு,
அண்ணன்

*

(தேதி இல்லை. மூலையில் பென்சில் குறிப்பும் இல்லை.)

அண்ணா,

விசாரிக்க வேண்டாம், விடுங்க. நான் கேட்டதுல எதுக்குப் பதில் வந்திருக்கு, எதுக்கு வரலைன்னு எண்ணிப் பார்த்தேன். எண்ண உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்.

தலை எந்தப் பக்கமாவது இருந்துட்டுப் போகட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்க. பத்தொன்பதாம் தேதி படம் எடுத்து முடிச்சதும், எல்லாரும் போனப்புறம், அவ எதிர்ல நின்னு ஏதாவது ஒரு வார்த்தை பேசுங்க. எந்தக் காதுகிட்ட பேசறோம்னு பாருங்க. எனக்கு எழுத வேண்டாம்.

*

கடிதம் எண்: 7 / 1986
நாள்: 1986 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை
நேரம்: காலை 6.00 (எழுதத் தொடங்கியது. நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன்.)

அன்புள்ள தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். நிகழ்ந்தவற்றை நிகழ்ந்த வரிசையில் சொல்வது ஒன்றே எனக்குத் தெரியும். அதையும் இந்த முறை ஒழுங்காகச் செய்வேனா என்று தெரியவில்லை.

நேற்றுக் காலை 7.10க்குப் பூங்காவுக்குச் சென்றேன். தச்சர் எனக்கு முன்பே வந்து, சிலையின் மடியில் ஏறி நின்று, கழுத்து மூட்டில் ஒட்டியிருந்த சுண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வாய் ஓயாத மனிதர். "வாங்க சார், பொண்ணு அலங்காரம் பண்ணிட்டு ரெடியா இருக்கா" என்றார். வடக்கு நோக்கி முக்காலியை நிறுத்தினேன். வெள்ளைத் துணியைக் கட்டினோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தச்சரிடம் கொடுத்து, என் அருகில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். 7.40க்குப் படம் எடுத்தேன். புதிய தலை என் படத்தோடு மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தது. அதைச் சொல்லி அவரைப் பாராட்டினேன்.

அவர் பாராட்டைக் கவனிக்கவில்லை. தாளையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க படம் எடுத்தது காலையிலதானே?"

"ஏழு நாற்பது. குறிப்பேட்டில் இருக்கிறது."

"இல்லை, இப்பத் தலையோட நிழல் நமக்கு இடது கைப்பக்கத் தோள்ல விழுது. உங்க படத்துல வலது கைப்பக்கத் தோள்ல விழுந்திருக்கு. அன்னிக்கு மட்டும் சூரியன் உங்களுக்காக மேற்கே உதிச்சுதா?"

அவர் கேலியாகத்தான் கேட்டார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் சிரிப்பும் நின்றுவிட்டது. வடக்கு நோக்கி நிற்பவனுக்குக் காலைச் சூரியன் வலப்புறம். நிழல் இடப்புறம்தான் விழ முடியும். என் குறிப்பேட்டின்படி அக்டோபர் 19 அன்றும் நான் வடக்கு நோக்கியே நின்றேன். குறிப்பேடு சரியென்றால் படம் தவறு. படம் சரியென்றால் சூரியன் தவறு.

வீட்டுக்கு வந்து ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். முழங்கால் வலிக்கவில்லை. ஜூலை 2 அன்றும் வலிக்கவில்லை.

நெகட்டிவ் உறையின் மேல் என் கையெழுத்தில் இவ்வாறு இருக்கிறது: "மலர், பக்கம் 12. இடப்பக்கத் தாள். முகம் தாளுக்கு வெளியே பார்ப்பதால் திருப்பி அச்சிடப்பட்டது. 4.11.1985." பக்கத்தில் அச்சாகும் முகம் தாளின் உட்புறம் பார்க்க வேண்டும், வெளியே பார்த்தால் படிப்பவரின் கண்ணும் அதோடு வெளியே போய்விடும் என்பது பக்கம் அமைப்பவர்களின் வழக்கம். மலருக்காக அவர்கள் கேட்டார்கள். நெகட்டிவைப் புரட்டிப்போட்டு, இடமும் வலமும் மாறும்படி அச்சிட்டுக் கொடுத்தேன். இலைகளுக்கு எத்தனையோ முறை செய்திருக்கிறேன். இலைக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன? மூல நெகட்டிவில் முகம் நீ சொன்ன பக்கமே திரும்பியிருக்கிறது.

இதை மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்புவாய். கிழித்த நான்கு தாள்களிலும் அப்படித்தான் எழுதினேன். உண்மை இதுதான். ஜூன் 12 அன்று "அச்சுல ஏதாவது ஆகியிருக்கும்" என்ற உன் வரியைப் படித்தபோது, பரண்மேல் இருந்த அந்தப் பெட்டி என் நினைவுக்கு வந்தது. ஏதோ எழுதி வைத்திருக்கிறோம் என்பதும் நினைவுக்கு வந்தது. என்ன எழுதினேன் என்று போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் பார்க்கவில்லை. முப்பத்தேழு நாட்கள் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கில் படம் எடுத்தவனின் பெயர் ஒரு படத்தின் கீழ் அச்சானது அந்த ஒரு பக்கத்தில்தான். அது பிழை என்று ஒருவர் சொல்லி, அதுவும் நீ சொல்லி, அதை நான் ஊரறிய ஒப்புக்கொள்வதைவிட, உன் சிலை தவறாக நிற்பது எனக்கு எளிதாக இருந்தது.

நெகட்டிவ் பெட்டிக்குக் கீழே பழைய நாட்குறிப்புகள் இருந்தன. 1974ஆம் ஆண்டுக்குரியதை எடுத்தேன். மார்ச் 14, வியாழக்கிழமை: "அம்மா இன்றும் நான் பேசத் தொடங்கியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணம் தெரியவில்லை. இனி நானாகப் பேசுவதில்லை." ஜன்னல் அவருக்கு வலப்புறம். அம்மாவின் காதைப் பற்றி என் குறிப்புகளில் ஒன்றுமில்லை என்று உனக்கு எழுதியிருந்தேன். இருந்திருக்கிறது. தேதியோடு இருந்திருக்கிறது. என்ன எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து அம்மா இறந்த நாள்வரை ஐந்தாண்டு, மருந்து, விருந்தாளி, வாசற்கதவு ஆகியவை தவிர அந்த மேசையில் நான் எதுவும் பேசவில்லை. அவரும் அந்த ஐந்தாண்டும், நான் தொண்டையைச் செருமும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பினார். கேட்பதற்காகத் திரும்பியிருக்கிறார்.

நேற்று மாலை 5.30க்கு, பூங்காவில் எல்லாரும் போன பிறகு, நீ சொன்னபடி சிலையின் எதிரில் போய் நின்றேன். "அம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் எனக்குக் கேட்காத காதைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். அந்தக் காதை அப்பக்கம் திருப்பியவன் நான்.

அங்கிருந்து நேரே கண்காணிப்பாளர் வீட்டுக்குச் சென்றேன். தச்சரும் அங்கே இருந்தார். நெகட்டிவை மேசைமேல் வைத்துச் சொன்னேன்.

கண்காணிப்பாளர் நெகட்டிவை விளக்கொளியில் தூக்கிப் பார்த்தார். பிறகு, "அழைப்பிதழ் அச்சாயிடுச்சு சார். இதை இப்ப வந்து சொல்றீங்களே" என்றார்.

'இன்றுதான் நிழலைப் பார்த்தேன்' என்று சொல்லியிருக்கலாம். பொய்யில்லை. ஆனால், "ஜூன் பன்னிரண்டாம் தேதியே சொல்லியிருக்கணும்" என்று சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தச்சரைப் பார்த்தார்.

"இந்தத் தலையையே கொஞ்சம் திருப்பி வைக்க முடியாதா?"

"கழுத்து நரம்பெல்லாம் இந்தப் பக்கம் முறுக்கிச் செதுக்கியாச்சு சார். திருப்பினா சுளுக்கு விழுந்த மாதிரி இருக்கும், வர்றவங்க எண்ணெய் தேய்ச்சு விடுவாங்க" என்றார் தச்சர். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "பெரியவரே, ரெண்டரை மாசம் என் கை கல்லுல இருந்துது. அது போகட்டும். இன்னொரு கல்லு இருக்கு, பன்னிரண்டு வாரம் ஆகும். ஆனா இந்தத் தடவை எனக்குப் படம் வேண்டாம். சிலை செஞ்ச அந்த அம்மாவையே சொல்லச் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

விழா தள்ளிவைக்கப்படுகிறது. கண்காணிப்பாளர் உனக்குத் தனியே எழுதுவார். தச்சர் உன் ஊருக்கு நேரில் வந்து, நீ சொல்லச் சொல்லக் களிமண்ணில் உருட்டிப் பார்த்துக்கொண்டு திரும்புவதாகச் சொல்கிறார். உன் கை தேவைப்படாது, வாய் போதும் என்றார். படக்காரனாக நான் அந்தப் பக்கம் இனி வர வேண்டியதில்லை என்பதைக் கண்காணிப்பாளர் மரியாதையாகவே சொன்னார். மரியாதையாகச் சொன்னதுதான் தாங்கவில்லை.

ஜூன் 30 அன்று கிடைத்த கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். விசாரிப்பதாகப் பதில் எழுதினேன். விசாரிக்க எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஜூலை 15, செவ்வாய்க்கிழமை வந்த உன் கடிதத்தின் மூலையில் பெற்ற தேதியைக் குறிக்க என் கை எழவில்லை. அதைப் படித்தபோதே உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. ஆயினும் உன் ஊகத்தில் அது இருப்பதும், என் கையெழுத்தில் உன் முன் இருப்பதும் ஒன்றல்ல. எனவே நான் எழுதியதன் நகலையும் இணைத்திருக்கிறேன். மன்னிப்பு என்ற சொல்லை இக்கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. அதை முதலில் கேட்க வேண்டிய இன்னொருவர் இருக்கிறார். அவருக்குக் கேட்கும் பக்கம் எது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இப்படிக்கு,
அண்ணன்
(முடித்த நேரம்: முற்பகல் 9.50)

இணைப்புகள்:

1. மூல நெகட்டிவ், ஒன்று. உறையோடு. உறைமேல் உள்ள எழுத்தை அழிக்கவில்லை.

2. அதிலிருந்து இன்று அதிகாலை சரியான பக்கமாக அச்சிட்ட படம், ஒன்று. பின்புறத்தில் என் பெயர் இல்லை.

3. 1974ஆம் ஆண்டு நாட்குறிப்பின் மார்ச் 14ஆம் தேதித் தாள். நகல் அல்ல, கிழித்த மூலம். இனி அது என்னிடம் இருக்க வேண்டியதில்லை.

4. 1986 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4.50க்கு, அதாவது உனக்கு எழுதி முடித்த கையோடு, கண்காணிப்பாளருக்கு நான் எழுதிய கடிதத்தின் கார்பன் நகல். ஒரு பக்கம். "என் தங்கைக்கு நோய்க்குப் பின் நினைவு பிசகிவிட்டது" என்ற வரி மேலிருந்து ஆறாவது.

5. என் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய வெற்று உறை, ஒன்று. பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. பயன்படுத்தினால், தேதி வேண்டாம்.